பூதம் குடியிருக்கும் வீட்டின் பிளான்

புதிய இதழ் போன மாதம் கூரியரில் வந்தது. பளபளக்கும் பிளாஸ்டிக் உறை, உள்ளே வழவழப்பான அட்டை, அட்டையில் நெருப்பைக் கக்கும் டிராகன், அதன் முன்னால் வாளோடு ஒரு பெண். மாதம் பிறந்தால் முதல் வாரத்தில் வந்துவிடுகிறது. மழையோ பண்டிகையோ இதற்குத் தடையில்லை. முதுகுளத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், வீட்டுப் பிளான் வரைந்து கொடுக்கும் என் கடையின் மேசையில் அதை வைத்தேன். வந்திருந்தவர் சினிமாப் புத்தகமா என்றார். இல்லை, விளையாட்டுப் புத்தகம் என்றேன். கிரிக்கெட்டா என்றார். நான் விளக்கவில்லை. விளக்கி விளக்கி அலுத்துப் போய்விட்டது. அந்த இதழின் நடுவே பதினான்கு பக்கங்கள் நான் எழுதியவை. அதிலுள்ள கோட்டையும் நான் வரைந்தது. எத்தனையோ வருடம் காத்திருந்து அச்சில் வந்தது. ஆனாலும் உறையைக் கிழிக்க மனம் வராமல் மத்தியானம் வரை அதை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இது என்ன விளையாட்டு என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம்: வாள்வீரன், மந்திரக்காரி, திருடன் என்று. நடத்துகிறவர், "உங்கள் முன்னால் ஒரு கதவு இருக்கிறது" என்பார். தட்டுவதா, உடைப்பதா, ஓடிவிடுவதா என்று விளையாடுகிறவர்கள் முடிவு செய்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லும். நடத்துகிறவருக்கு ஒரு கதை வேண்டும், கதை நடக்கும் இடத்துக்கு வரைபடம் வேண்டும், பூதம் என்ன பேசும், கிணற்றில் என்ன இருக்கும் என்ற விவரமெல்லாம் வேண்டும். அதையெல்லாம் தருவதுதான் இப்படிப்பட்ட இதழ்களின் வேலை. ராமநாதபுரம் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு தமிழில் இப்படி ஒரு இதழை ஒருவர் நடத்தினார் என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. அவரைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். எழுத உட்கார்ந்தால் பாசத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வருகிறது.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று புரியாது. நான் தொழிலால் பிளான்காரன். முதுகுளத்தூர், கடலாடி பக்கம் எழும்பியிருக்கும் வீடுகளில் பல என் மேசையில் பிறந்தவை. பிறந்தவை என்றுதான் சொல்ல முடியும், வளர்ந்ததற்கு நான் பொறுப்பில்லை. வீட்டுக்காரர் சவுதியிலிருந்து யாரோ ஒருவருடைய வீட்டுப் படத்தை அனுப்பி, இதே மாதிரி முகப்பு வேண்டும் என்பார். அவருடைய மாமனார் வந்து கார் நிறுத்த இடம் போதாது என்பார். வாஸ்து பார்க்கிறவர் படிக்கட்டைத் தூக்கி மறுபக்கம் போடுவார். எல்லாம் முடிந்து கட்டடத்தைப் பார்க்கப் போனால், கொத்தனார் ஜன்னலை ஓரடி தள்ளி வைத்திருப்பார். ஏன் என்று கேட்டால், "இங்கன வச்சாத்தாண்ணே காத்து வரும்" என்பார். இத்தனை வருடத்தில் என் பிளான் ஒன்றுகூட நான் போட்டபடி எழும்பியதில்லை. ஒன்றே ஒன்றாவது, யாரும் கை வைக்காமல், நான் நினைத்தபடியே நிற்க வேண்டும் என்பது என் ஆசை. அப்படியொன்றும் பேராசை என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பழைய இதழின் ஆசிரியர் முதன்முதலில் கடைக்கு வந்தது தன் மாமனாரோடு. ஊர் கீழக்கரை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். தலையில் துப்பட்டாவும் கையில் ஒரு பெரிய துணிப்பையுமாக எதிரே உட்கார்ந்தார்.

"சார், ஒரு வீட்டுக்குப் பிளான் வேணும்."

"எத்தன சென்ட்டும்மா?"

"சென்ட் கணக்கெல்லாம் இல்ல சார். மலைக்குள்ள இருக்கு. மூணு பேரு குடியிருக்காங்க. ரெண்டு பேரு மனுசங்க, ஒருத்தரு பூதம்."

நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "அவ சொல்றத அப்படியே எழுதிக்கிருங்க தம்பி. நான் கேள்வி கேக்குறத விட்டு ரொம்ப நாளாச்சு" என்றார். என்னைக் கேலி செய்கிறார்களோ என்ற சந்தேகம் அன்று மாலை வரை இருந்தது. இருந்தும் வரைந்தேன். மலைக்குள் ஐந்து அறை, பூதத்துக்கு உயரமான வாசல், புகை போக ஒரு துவாரம். வரைந்து முடித்ததும் கவனித்தேன், யாரும் வந்து எதையும் மாற்றச் சொல்லவில்லை. அந்தச் சுகத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அவருடைய கணவருக்குத் தோஹாவில் வேலை. கல்யாணமான புதிதில் இவரும் அங்கே இருந்திருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் குடியிருந்த கட்டடத்துப் பெண்கள் கூடி விளையாடும் விளையாட்டாக இதைக் கற்றுக்கொண்டிருக்கிறார். மாமியாருக்கு உடம்பு சுகமில்லாமல் ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. வந்த இடத்தில் தமிழில் இப்படி ஒரு இதழ் இல்லையே என்று ஆரம்பித்துவிட்டார். ராமநாதபுரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு அச்சகத்தில்தான் அச்சடித்தார். முதல் இதழின் அட்டையிலிருந்த டிராகன் கல்யாணப் பத்திரிகைத் தங்க மையில் மாப்பிள்ளை மாதிரி ஜொலித்தது. அட்டையில் காலாண்டிதழ் என்று போட்டிருந்தது. எந்தக் காலாண்டு என்று மட்டும் போடவில்லை. தொடர்புக்கு என் கடை எண்ணைக் கொடுத்துவிட்டார், அவருடைய எண்ணை அச்சிட வீட்டில் சம்மதமில்லை. ஒருவரிடம் அஸ்திவாரக் கணக்கைப் பேசிக்கொண்டிருக்கும்போது திருநெல்வேலியிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டு, "அண்ணே, புது இதழ் எப்ப வரும்?" என்பான். எனக்கென்ன தெரியும்? அவருக்கே தெரியாது.

தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை, அதுதான் கோபத்தைக் கிளறும் விஷயம். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கதையையும் அச்சுக்கு அனுப்புமுன், இந்த விளையாட்டையே பார்த்திராத மூன்று நான்கு பேரைப் பிடித்து உட்கார வைத்து நடத்திப் பார்ப்பார். "எழுதியிருக்குறத மட்டுந்தான் சார் நான் வாசிப்பேன். எழுதாத ஒண்ண அவங்க கேட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்பார். அப்படியே செய்வார். விளையாடுகிறவர் ஏதாவது கேட்டு, அதற்குப் பதில் தாளில் இல்லையென்றால், ஓரத்தில் பென்சிலால் ஒரு வட்டம். ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். எழுதினவர் காதுக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஆனால் ஒரு வார்த்தை பேசக் கூடாது. வட்டத்துக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டு வந்தால் மறுபடி முதலிலிருந்து, வேறு ஆட்களோடு. ஒரு வட்டம்கூட விழாத ஆட்டம்தான் அச்சுக்குப் போகும். வாலிநோக்கத்தில் உப்பளத்து வேலைக்காரர்களோடு நடத்திய ஓர் ஆட்டத்தில், கடல் அரக்கனை ஜெயிப்பதற்குப் பதிலாக அவனோடு கூட்டு வியாபாரம் பேசினார்கள். அந்தக் கதையை எழுதியிருந்த மதுரைக்காரர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

மற்றவர்கள் கதைக்கு வரைபடம் போட்டுப் போட்டு எனக்கும் கை அரித்தது. நானே ஒரு கதை எழுதினேன். வெள்ளை வெளேரென்ற உப்பு வெளியில் ஒரு கோட்டை. அதற்குள் நல்ல தண்ணீர்க் கிணறு. வெளியே ஊர் தாகத்தில் கிடக்கிறது. விளையாடுகிறவர்கள் உள்ளே போய்க் கிணற்றைத் திறந்துவிட வேண்டும். வாசலில் ஒரு காவல் பூதம். அதை யாராலும் அடித்து வீழ்த்த முடியாது, அது வாசலை விட்டு ஓர் அங்குலம் நகராது, மூன்று விடுகதை போடும். அதைத் தாண்டினால் பதினோரு அறை, ஒவ்வொன்றிலும் ஒரு சூழ்ச்சி, கடைசியில் கிணறு. அந்தக் கோட்டைக்காக இரண்டு மாதம் உழைத்தேன். என் வாழ்நாளில் இதுபோல் ஒன்றை வரைந்ததில்லை. வீட்டுக்காரர், மாமனார், வாஸ்துக்காரர், கொத்தனார் என்று யாரும் இதற்குள் வர முடியாது என்று நினைத்தேன்.

கொத்தனார் வந்துவிட்டார். முதல் ஆட்டத்தை முதுகுளத்தூரில் என் கடையிலேயே வைத்தார் ஆசிரியர். என்னோடு பழகிய கொத்தனார், அவருடைய ஆள் ஒருவன், பக்கத்து டீக்கடைக்காரர். நான் ஷட்டருக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆசிரியர் நிதானமாக வாசித்தார், வெள்ளை நிலம், கோட்டை, வாசலில் பூதம். கொத்தனார் கேட்டார்:

"வாசல் எங்கிட்டுப் பாத்துருக்கு?"

"கிழக்குப் பாத்து."

"இது அண்ணன் போட்ட பிளானா?"

"ஆமா."

"அப்பக் கெணறு ஈசானிய மூலையிலதான் இருக்கும். அண்ணனுக்கு வேற எங்கிட்டும் கை போகாது. ஏலே, இந்தப் பூதத்துகூட என்ன பேச்சு? வெளிச் சொவத்துல வடகிழக்கு மூலையில ஓட்டையப் போடு. எங்க கையில கடப்பாரை இருக்கா மேடம்?"

இருந்தது. கொண்டுபோகும் சாமான்களில் கயிறு, விளக்கு, கடப்பாரை என்று நானே எழுதியிருந்தேன். பகடை உருண்டது, சுவர் உடைந்தது, கிணறு திறந்தது. டீ ஆறுவதற்குள் ஆட்டம் முடிந்து, டீக்கடைக்காரர் ஊர் மக்களுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் பதினோரு அறைகளில் ஒன்றைக்கூட ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கொத்தனார் வெளியே வந்து, "நல்ல வெளாட்டுண்ணே, ஆனா ரொம்பச் சின்னதா இருக்கு" என்றார். நான் அவரோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கோட்டையை மாற்றி வரைந்தேன். கிணற்றைக் கன்னி மூலைக்குக் கொண்டுபோனேன். கை வரவில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். தென்மேற்கில் கிணறு போட்ட வீட்டில் குடும்பம் தழைக்காது என்று ஆயிரம் பேரிடம் சொன்ன வாய் இது. பேனாவைப் பிடித்தால் விரல் தானாக வடகிழக்குக்கு ஓடியது. காபி கொண்டு வந்த என் மனைவி தாளைப் பார்த்துவிட்டு, "கன்னி மூலையில கெணறா? அந்தப் பூதம் வெளங்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சுவரையும் கடப்பாரை நுழையாத கருங்கல்லாக மாற்றி, சாமான் பட்டியலிலிருந்து கடப்பாரையை அடித்தேன். இனி வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும்.

இரண்டாவது ஆட்டம் கீழக்கரையில், ஆசிரியரின் வீட்டு மாடியில். விளையாடியவர்கள் அவருடைய மாமியாரும் தெருவில் உள்ள பெண்களும். அந்நிய ஆண் மேலே போக முடியாது. எழுதினவர் காதுக்கு எட்டும் தூரத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்ற அவருடைய விதிக்கு அந்த வீட்டு வழக்கம் அளவெடுத்துத் தைத்த சட்டையாகப் பொருந்தியது. கீழே படிக்கட்டுப் பக்கத்தில் எனக்கும் மாமனாருக்கும் நாற்காலி. நடுவில் ஒரு தட்டில் தொதல், அந்த ஊர் இனிப்பு. மேலேயிருந்து குரல்கள் தெளிவாகக் கேட்டன. கோட்டை வந்தது. பூதம் வந்தது. பூதம் முதல் விடுகதையைப் போட்டது.

"அது இருக்கட்டும் வாப்பா, நீ எதுக்கு இங்கன நிக்கிறே?" என்றது மாமியாரின் குரல்.

பென்சில் தாளில் உரசுவது எனக்குக் கேட்டதென்று சத்தியம் செய்வேன்.

"யாரு உன்னய நிக்கச் சொன்னது? கெணத்துச் சொந்தக்காரன் உசுரோட இருக்கானா?"

மறுபடி பென்சில். விடுகதைக்கு விடை சொல்லுங்கள் தாயே என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. மாமனார் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "எடுத்துக்கிருங்க தம்பி. எங்க வீட்டுல பேச்சுக் கொடுத்தா லேசுல விட மாட்டாக." ஒரு பக்கத்தைக்கூடத் தாண்டாமல் ஆட்டம் நின்றது. ஆசிரியர் தாளோடு இறங்கி வந்தார். வாசல் பத்தியைச் சுற்றி வட்டங்கள்.

அன்றுதான் முதன்முறையாக அவரிடம் குரலை உயர்த்தினேன்.

"காவல்காரன்னா நிப்பான் மேடம். எந்த வீட்டு வாசல்ல போயி நீ ஏன் நிக்கிறேன்னு கேக்குறோம்?"

"நாங்க கேப்போம் சார்."

"அவன் நகந்தாக் கெணறு வரைக்கும் எல்லாக் கதவும் தெறந்துரும். மிச்சப் பக்கமெல்லாம் வீணாப் போயிரும். அவன் நிக்கிறதுலதான் இந்தக் கோட்டையே நிக்குது."

"அப்ப அவன் நிக்கிறதுக்கு ஒரு காரணம் எழுதுங்க. அவங்க கேட்டா நான் சொல்றதுக்கு ஒரு வரி வேணும்ல?"

சாபம் என்று எழுதினேன். அடுத்த ஆட்டத்தில் அந்தச் சாபத்தைத் தீர்க்க வழி தேடிக்கொண்டு எல்லோரும் கோட்டைக்கு எதிர்த்திசையில் போய்விட்டார்கள். அது கல்லால் ஆன பூதம், அதற்கு மனசு கிடையாது என்று எழுதினேன். மனசு இல்லாதது விடுகதை போடுமா என்று கேட்டார்கள். ராஜாவுக்குக் கொடுத்த வாக்கு என்று எழுதினேன். அந்த ராஜாவைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் சிக்கல் என்ற ஊர் வழியாகப் போகும் பேருந்தைப் பிடித்துக் கீழக்கரைக்குப் போய், படிக்கட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, தொதல் தின்று, வட்டங்களோடு திரும்பினேன். என்னுடைய பதினோரு அறைகளும் ஆள் நுழையாமல் கிடந்தன. ஒருநாள், "நீங்க பத்திரிகை நடத்துறீங்களா, என்னய நடத்துறீங்களா?" என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "எத்தன நாளானாலும் உங்க கோட்டைய நான் போட்டுருவேன் சார், இன்ஷா அல்லாஹ். யாரும் வாசலோட திரும்பிப் போற கோட்டையா மட்டும் போட மாட்டேன்" என்றார்.

கடைசியாக வந்த இதழின் பின்னட்டையில் அடுத்த இதழுக்கான அறிவிப்பில் என் கதையின் பெயர் இருந்தது. அந்த அடுத்த இதழ் வரவில்லை. மாமியார் குணமாகி நடமாட ஆரம்பித்ததும், கணவர் குடும்ப விசாவுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். போகுமுன் கடைக்கு வந்து சொல்லிக்கொண்டார். அங்கிருந்தே வேலையை முடித்து அனுப்புவதாகச் சொன்னார். பொய் சொல்லும் ஆள் இல்லை, அன்று அப்படித்தான் நினைத்திருப்பார். போன இடத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், இவருக்கும் ஒரு வேலை. முதலில் வாரம் ஒரு சேதி வந்தது, பிறகு பெருநாளுக்கு வாழ்த்து மட்டும் வந்தது. திருநெல்வேலிப் பையன் மட்டும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனும் படித்து வேலைக்குப் போய் நிறுத்திவிட்டான். நான் மறுபடியும் மற்றவர்கள் மாற்றி மாற்றிக் கட்டும் வீடுகளை வரைந்துகொண்டிருந்தேன்.

போன வருடம் சென்னையிலிருந்து இளைஞர்கள் சிலர், ஆசிரியரிடம் கேட்டு இதழின் பெயரை வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்கள். கெட்டிக்காரர்கள். வண்ணத்தில் படம், செயலியிலும் படிக்கலாம், தேதி தவறுவதே இல்லை. பழைய ஆள் என்று என்னைத் தேடிப் பிடித்துக் கதை இருக்கிறதா என்று கேட்டார்கள். கோட்டையை அனுப்பினேன். எதை அனுப்பினேன் என்றால், சாபமும் வாக்கும் ராஜாவும் இல்லாத, நான் முதன்முதலில் எழுதிய வாசல் பத்தியோடு. ஒரு மணி நேரத்தில், "சூப்பர் சார், அடுத்த மாசம் போட்டுருவோம்" என்று பதில் வந்தது. போட்டும்விட்டார்கள். ஓர் எழுத்தை மாற்றவில்லை. ஒரு கோட்டை நகர்த்தவில்லை.

நான் ஆசைப்பட்டது இதைத்தானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதனால்தான் மத்தியானம் வரை உறையைக் கிழிக்காமல் வைத்திருந்து, பிறகு பலகாரப் பொட்டலம் போல் மெதுவாகப் பிரித்தேன். வரைபடம் அழகாக வந்திருந்தது. ஆனால் கதையில் ஏழாவது அறைக்கு அடுத்த அறைக்கும் ஏழு என்றே போட்டிருந்தது. அது என் தவறு, தட்டச்சு செய்யும்போது விழுந்தது. அறை எண்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போன யாருக்கும் கண்ணில் பட்டிருக்கும். படவில்லை. அப்படியென்றால் யாரும் என் கோட்டைக்குள் போகவில்லை. வாசலில்கூட நிற்கவில்லை. கைக்காசு செலவழித்துப் பேருந்து ஏறி, ஒரு பத்திக்காக ஒரு பெண்மணியோடு மல்லுக்கட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து, எனக்கு அழுகை வரும்போல் ஆகிவிட்டது. கோபமும் வந்தது. சென்னைக்குப் போன் போட்டேன்.

"யாராச்சும் வெளையாடிப் பாத்தீங்களா தம்பி?"

"அதெல்லாம் ரீடர்ஸ் பாத்துப்பாங்க சார். நமக்கு டேட் முக்கியம். அடுத்தது எப்ப அனுப்புறீங்க?"

மரியாதையான பையன். அவன் மேல் தப்புச் சொல்ல எதுவுமில்லை, அதுவும் எரிச்சல். அதற்குப் பிறகு தினமும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இதழிலும் என் எண் இருந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, துபாயில் இருக்கும் தம்பிக்கு வீடு கட்டக் கடலாடியிலிருந்து ஒருவர் வந்து முகப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்போது ஆசிரியரிடமிருந்து ஒரு குரல் சேதி வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. காதில் வைத்துக் கேட்டேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும் சார், நல்லாருக்கீங்களா? கோட்ட வந்துருச்சுல்ல, செயலியில வாங்கிட்டேன். இன்னிக்கு இங்கன நடத்திக்கிட்டு இருக்கேன். ஆட்டம் நின்னுபோயி எல்லாரும் உக்காந்துருக்கோம். உங்க ஊருப் பக்கத்துப் புள்ள ஒண்ணு இருக்கு சார், ஒரு வீட்டுல வேல பாக்குது, வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் விடுவாங்க, எங்ககூட வந்து உக்காரும். அது பூதத்துக்கிட்ட கேட்டுருச்சு, உனக்கு லீவு உண்டாண்ணே, கடசியா எப்ப ஊருக்குப் போனேன்னு. புத்தகத்துல இல்ல. நான் என்ன சொல்லட்டும்?"

அச்சாகிவிட்டது மேடம், இனி என்ன கேள்வி என்று எழுத ஆரம்பித்தேன். அழித்தேன். எதிரே இருந்தவர் முகப்புப் படத்தை நீட்டியபடி காத்திருந்தார். தம்பி ஊருக்கு வந்து எவ்வளவு நாளாயிற்று என்று அவரிடம் கேட்டேன். எதற்குக் கேட்கிறேன் என்று புரியாமல் பார்த்தார். "வீடு முடியட்டும், வருவான்" என்றார்.

பூதத்துக்கு லீவு கொடுத்தால் கிணறு வரை எல்லாக் கதவும் திறந்துவிடும். பதினோரு அறையும் போயிற்று. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. எந்த ஊரில் போய் உட்கார்ந்தாலும் இந்த அம்மாள் என் கோட்டையை வாசலிலேயே நிறுத்துகிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "லீவு உண்டு. ஊருக்குப் போய்விட்டு வரட்டும்" என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. பின்னணியில் பெண்கள் பேசும் சத்தம்.

"சந்தோசம் சார். ஆனா அது இன்னொண்ணு சொல்லுது. மாத்துக்கு ஆளு வராம யாரையும் விட மாட்டாங்களாம். அதனால அவன் போயிட்டு வர்ற வரைக்கும் வாசல்ல நான் நிக்கிறேங்குது. பகடைய உருட்டவே மாட்டேங்குது, எனக்கு நின்னு பழக்கந்தான்க்காங்குது. ஒத்துக்கலாமா சார்?"

கடைக்கு வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு வெளியே வந்து, எழுதப் பொறுமையில்லாமல் போனை வாயருகே வைத்துப் பேசினேன். "ஒத்துக்காதீங்க மேடம். அந்தப் புள்ளய நிக்க விடாதீங்க. யாரும் நிக்க வேண்டாம். கதவு தெறந்தே கெடக்கட்டும், அந்தப் புள்ளயையும் அவனோட ஊருக்குப் போகச் சொல்லுங்க."